ராஜினாமாவுக்கு முன்னால் எழுத வேண்டிய கடிதம்

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியாதபடி கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வயது 36. குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் தாக்கி இடது கால் பாதிக்கப்பட்டது. காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் என்ற கருவியை அணிந்து, ஓர் ஊன்றுகோலின் துணையோடு நடக்கிறார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் ஊனம் 55 சதவீதம் என்று இருக்கிறது. ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் ஐந்து ரோடு கிளையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரை மூன்று மாதத்துக்கு முன் ஏற்காடு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். வேலையில் சேர்ந்து நாலே கால் வருடம் ஆகிறது.

காலையில் டவுன் பஸ்ஸில் அஸ்தம்பட்டி வந்து, அங்கே ஏற்காடு வண்டி ஏறுகிறார். புது பஸ் ஸ்டாண்டிலிருந்தே வண்டி நிறைந்து வருகிறது. "நல்ல காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து, அப்புறம்தான் காலிப்பர் காலைத் தூக்கி வைக்க முடியும். அதற்குள் விசில் அடித்துவிடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். உட்கார இடம் கிடைத்தாலும் நிம்மதியில்லை. காலிப்பரில் முழங்கால் பக்கம் இருக்கும் பூட்டைத் திறந்தால்தான் கால் மடங்கும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். வண்டி ஓடும்போது கம்பியை விட்டுவிட்டுக் குனிய முடியாது. பூட்டியபடியே உட்கார்ந்தால் கால் நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்கும், போகிறவர் வருகிறவர் இடித்துக்கொண்டு போவார்கள். நின்றுகொண்டே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்த நாட்களில் இரவு இடுப்பு வலியில் தூக்கமில்லை. பத்து நிமிடம் தாமதமானாலும் அரை நாள் சம்பளம் பிடிக்கிறார்கள். கிளை மேலாளர் ஒருநாள் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "உங்கள மாதிரி ஆளுங்களுக்கு வேலை குடுத்ததே ஒரு தர்மம்தான்" என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணன் வேலையை விடச் சொல்கிறார். இவருக்கு மனமில்லை. நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள், வீட்டின் நிலையான வருமானம் இவருடையது. அவர் முக்கியமாகக் கேட்பவை மூன்று: ராஜினாமா செய்துவிடலாமா? பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கி மலை ஏறலாமா? தனியார் வேலையில் இருப்பவருக்குச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது ராஜினாமா செய்யாதீர்கள். வேலையில் இருக்கும்வரைதான் "இந்த வேலையைச் செய்ய எனக்கு இன்ன ஏற்பாடு வேண்டும்" என்று நிறுவனத்திடம் கேட்க முடியும். விலகிய பிறகு நடப்பது பழைய பாக்கிக்கான சண்டை மட்டும்தான்.

வேலையை விடும்போது நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடைக் (கிராஜுவிட்டி) கணக்கும் இருக்கிறது. பொதுவாக ஐந்து வருடத் தொடர் பணி முடிந்தால்தான் பணிக்கொடை. நாலு வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கிலும் உங்களுக்கு இன்னும் சில மாதம் பாக்கி. கோபத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அதை இழக்க வேண்டாம்.

நீங்கள் உண்மை என்று நம்பியிருக்கும் சில விஷயங்கள்

"சட்டமெல்லாம் அரசு வேலைக்குத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்பதுதான் இதற்கான மையச் சட்டம். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 4 சதவீத இடஒதுக்கீடு, பணிக்காலத்தில் ஊனமுற்றால் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்பது போன்ற சில பிரிவுகள் அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆனால் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்ற 21-ஆம் பிரிவு எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் அந்தக் கொள்கையில் என்னென்ன எழுத வேண்டும் என்று மத்திய அரசின் 2017-ஆம் வருட விதிகள் பட்டியலே போடுகின்றன. அதில் இடமாற்றத்திலும் பணியிடம் ஒதுக்குவதிலும் முன்னுரிமை என்பது இருக்கிறது, சிறப்பு விடுப்பு இருக்கிறது, இதையெல்லாம் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிப்பதும் இருக்கிறது. உங்கள் பிரச்சினை அந்த முதல் வரியிலேயே அடங்குகிறது.

"எங்கள் கிளையில் எட்டுப் பேர்தான்" என்கிறீர்கள். கிளையை எண்ண வேண்டியதில்லை. சட்டம் பார்ப்பது நிறுவனத்தை. தமிழ்நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் கம்பெனி எட்டுப் பேர் கணக்கைக் காட்டித் தப்ப முடியாது.

"80 சதவீதம் இருந்தால்தான் உரிமை" என்று யாரோ சொன்னதும் தவறு. இடஒதுக்கீடு போன்ற பல சலுகைகளுக்கு 40 சதவீதமே வரம்பு. பாகுபாடு காட்டக்கூடாது என்ற விதிக்கோ அந்த 40-கூடத் தேவையில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். நியாயமான ஏற்பாட்டைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் விளக்கப் பிரிவே சொல்கிறது. நீங்கள் கேட்கப்போவது தர்மம் இல்லை. மேலாளர் அப்படிச் சொன்னார் என்பதற்காக நீங்களும் அந்தச் சொல்லை உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் பயன்படுத்தியிருப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"தமிழ்நாட்டில் எங்கு மாற்றினாலும் போவேன் என்று நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டேனே" என்ற கவலைக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. இடமாற்றம் முதலாளியின் அதிகாரம். நீதிமன்றங்கள் அதில் எளிதில் தலையிடுவதில்லை. "இந்த இடமாற்றமே செல்லாது" என்று நேராக மோதினால் வழக்கு இழுக்கும், முடிவும் நிச்சயமில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து, நியாயமான ஏற்பாடு கேட்கும் உரிமையை எடுத்துவிடாது. ஆகவே இடமாற்றத்தை எதிர்ப்பதற்குப் பதிலாக, பயணத்துக்கான ஏற்பாட்டைக் கேட்டுத் தொடங்குங்கள் என்பதே என் யோசனை. நிறுவனம் அதை மறுத்தால் உங்கள் பக்கம் இன்னும் வலுவாகும்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

இதுவரை எல்லாவற்றையும் வாயால்தான் சொல்லியிருக்கிறீர்கள். கிளை மேலாளரிடம் இரண்டு தடவை, மண்டல மேலாளரிடம் போனில் ஒரு தடவை. இவற்றில் எதற்கும் சாட்சியம் கிடையாது. தலைமை அலுவலக மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதே கடிதத்தை ஒப்புகையோடு தபாலிலும் அனுப்புங்கள்.

அதற்கு முன், நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவரிடம் காட்டி ஒரு சான்று வாங்குங்கள். "இவருக்கு ஓய்வு தேவை" என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு உதவாது, எதிராகவும் போகலாம். அதைப் படிக்கும் நிறுவனம் "வேலைக்கே லாயக்கில்லை" என்று திருப்பிவிடும். "இவர் தன் பணியை முழுமையாகச் செய்யத் தகுதியுள்ளவர், நின்றபடி நீண்ட நேரம் பேருந்தில் பயணிப்பதைத் தவிர்க்க வேண்டும்" என்ற பொருளில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு பாதியும் முக்கியம்.

கடிதம் நீளமாக இருக்கக் கூடாது. இந்த மாதிரி இருந்தால் போதும்:

"எனக்கு இடது காலில் 55 சதவீத ஊனம் உள்ளது. ஏற்காடு கிளையில் என் பணியைத் தொடர்ந்து செய்ய விரும்புகிறேன். காலை நெரிசல் நேரத்தில் நின்றபடி மலைப்பாதையில் பயணிப்பது என் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று மருத்துவர் கூறியுள்ளார். சான்று இணைத்துள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படி கீழ்க்கண்ட ஏற்பாடுகளில் ஒன்றைச் செய்துதரக் கேட்டுக்கொள்கிறேன். நிறுவனத்தின் சம வாய்ப்புக் கொள்கையின் நகலையும் தொடர்பு அலுவலரின் பெயரையும் தெரிவிக்கவும்."

அதன் கீழே உங்களுக்கு உண்மையிலேயே உதவுகிறவற்றை வரிசையாக எழுதுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியவை இவை. வேலை நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது முதலாவது. நெரிசல் வண்டியை விட்டு அடுத்ததில் வரலாம். அதைவிட முக்கியம், புது பஸ் ஸ்டாண்டுக்கே போய், நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பதறாமல் ஏறி, உட்கார்ந்து பூட்டைத் திறக்க நேரம் கிடைக்கும். கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லாத ஏற்பாடு இது, மறுக்கக் காரணம் கண்டுபிடிப்பதே கஷ்டம். இரண்டாவது, கணக்கு வேலை கணினியில்தான் நடக்கிறது என்பதால் வாரத்தில் சில நாள் ஐந்து ரோடு கிளையிலிருந்தே பார்ப்பது. மூன்றாவது, சேலத்திலிருந்து மேலே போகும் ஊழியர்களுக்குச் சேர்த்து நிறுவனமே ஒரு வாடகை வண்டி அமர்த்துவது. கடைசியாக, சேலத்துக் கிளைகளில் இடம் காலியாகும்போது முன்னுரிமை.

உங்கள் காசாளர் தினமும் காரில் போகிறார், பெட்ரோலுக்குப் பங்கு கொடுத்துக் கூடப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். எப்போதாவது கூடப் போவதில் தவறில்லை. மாதாமாதம் இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுத்தால், சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் விபத்து நேரத்தில் தகராறு செய்யலாம். நிறுவனம் அமர்த்தும் மஞ்சள் போர்டு வண்டியில் இந்தத் தொல்லை இல்லை.

அரசு வேலையில் இருக்கும் தோழிக்கு மாதாமாதம் ஊர்திப்படி வருகிறது, எனக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு ஒரு வரிப் பதில்தான்: அது அரசு தன் ஊழியர்களுக்குப் போட்ட உத்தரவு, தனியாரிடம் உரிமையாகக் கோர முடியாது. நிறுவனமாக முன்வந்து போக்குவரத்துப் படி கொடுத்தால், கால் பாதிக்கப்பட்ட ஊழியருக்கு வருமான வரியில் அதற்குத் தனி விலக்கு இருக்கிறது.

பஸ்ஸைப் பற்றி

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண் என்பதால் ஏற்கெனவே டிக்கெட் இல்லாமல் போகிறீர்கள். 2021 ஜூனிலிருந்து மாற்றுத்திறனாளியோடு துணைக்கு வரும் ஒருவருக்கும் அந்த வண்டிகளில் கட்டணமில்லை. அதனால் அண்ணன் உங்களை அஸ்தம்பட்டிவரை கொண்டுவந்து ஏற்றிவிட்டுத் திரும்பலாம். வெளியூர் வண்டிகளுக்குக் கட்டணச் சலுகையும், வேலைக்குச் சென்று வர இலவசப் பயண அட்டையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் கிடைக்கின்றன. ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் உங்கள் வழித்தடத்தைச் சொல்லிக் கேளுங்கள். யூடிஐடி என்ற தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியிராவிட்டால் அதையும் அங்கேயே முடித்துவிடுங்கள்.

உங்களுக்கு டிக்கெட்டை விட ஏறி உட்காருவதுதான் பெரிய பிரச்சினை என்று தெரிகிறது. மாற்றுத்திறனாளிக்கென்று எழுதியிருக்கும் இருக்கையைக் காலி செய்து தருவது நடத்துநரின் பொறுப்பு, பயணிகளின் இரக்கத்தைப் பொறுத்த விஷயமில்லை. முன்னுரிமை இருக்கை, பிடிமானக் கம்பி, ஊன்றுகோலை வைக்க இடம் எல்லாம் பேருந்தில் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளே 2020 மார்ச் 1 முதல் சொல்கின்றன. பழைய வண்டிகளையும் முடிந்தவரை மாற்றியமைக்க வேண்டும் என்று 2016-ஆம் வருடச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. நம் ஊர் வண்டிகளின் முதல் படி இன்னும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காகப் போராடுகிறவர்களோடு சேர்ந்து நானும் குரல் கொடுப்பேன். ஆனால் வண்டி மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது.

எனவே நடைமுறையாக ஒன்று. நீங்கள் தினமும் ஏறும் வண்டி எந்தக் கிளைப் பணிமனையைச் சேர்ந்தது என்று பார்த்து, அதன் கிளை மேலாளருக்கு எழுதுங்கள். வண்டி எண், நேரம், நிறுத்தம், உங்களுக்கு ஏற எவ்வளவு நேரம் தேவை, எந்த இருக்கை. நடத்துநர் மேல் புகாராக எழுதாமல், "இந்த நேரத்து வண்டியில் தினமும் வருகிற பயணி" என்று உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு எழுதுங்கள். ஒரே வழித்தடத்தில் ஓடும் ஓட்டுநரும் நடத்துநரும் முகம் தெரிந்தால் பெரும்பாலும் நின்று ஏற்றிக்கொள்வார்கள். அதற்கும் மசியாவிட்டால் கோட்ட அலுவலகத்துக்குப் புகார் கொடுங்கள்.

இன்னொரு சந்தேகமும் கேட்டிருந்தீர்கள்: வழியில் விழுந்து அடிபட்டால் அது தலையெழுத்துதானா? இல்லை. உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தை, நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தினால், வேலையில் நடந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்று 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்த்தார்கள். எப்போதாவது அப்படி ஆனால் டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள், மருத்துவமனையில் நடந்ததை நடந்தபடி பதிவு செய்யச் சொல்லுங்கள், அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. நின்றுவிடும் என்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த வரம்பு 25,000.

ஸ்கூட்டரில் மலை ஏறலாமா?

வாங்குங்கள், ஓட்டுங்கள். ஆனால் அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். உங்கள் ஆர்வத்தைக் கெடுக்கச் சொல்லவில்லை. சாதாரண இரு சக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாயும், அதனால்தான் திரும்புகிறது. பக்கச் சக்கரம் வைத்த வண்டி சாயாது. சமதளத்தில் அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு. கொண்டை ஊசி வளைவில் அதே வண்டி வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரை இறக்கத்தில் இன்ஜின் அவ்வளவாக இழுத்துப் பிடிக்காது, பிரேக்கையே நம்பி இறங்க வேண்டும். தொடர்ந்து பிடித்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். மழைக்காலத்துப் பனிமூட்டமும், கோடை விழா நேரத்து வண்டி வரிசையும் இதற்கு மேல். ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியும். தினமும் இரண்டு வேளை, வருடம் முழுக்க என்பது வேறு கணக்கு.

அம்மாப்பேட்டையிலிருந்து புது பஸ் ஸ்டாண்டுவரை ஸ்கூட்டர், அங்கிருந்து உட்கார்ந்து பஸ் என்று பிரித்துக்கொண்டால் உங்கள் நாளில் பாதிக் கஷ்டம் போய்விடும். அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை இலவசமாகத் தருகிறது, வேலைக்குப் போகிறவர்கள் விண்ணப்பிக்கலாம். உங்கள் பாதிப்பு அதன் தகுதிக்குள் வருகிறதா என்று மேலே சொன்ன அதே அலுவலகத்தில் கேளுங்கள். சொந்தமாக வாங்கினால், பக்கச் சக்கரத்தைப் பட்டறையில் மாட்டிக்கொண்டு அப்படியே ஓட்டிவிடாதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியோடு ஆர்.சி. புத்தகத்தில் அந்த மாற்றம் ஏற வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிய வேண்டும், உங்கள் உரிமமும் மாற்றியமைத்த வண்டிக்கானதாக இருக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டிவரும்.

மறுத்தால் என்ன செய்வது

எழுத்தில் மறுக்கட்டும், அல்லது மூன்று வாரம் பதிலே வராமல் போகட்டும். சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். தபாலிலேயே அனுப்பலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. எதிர்த் தரப்பை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் ஆணையருக்கு உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை, நீதிமன்றத் தீர்ப்பைப் போல உடனே நிறைவேற்ற முடியாது. ஆணையரின் நோட்டீஸ் கைக்கு வந்ததும் பல நிறுவனங்கள் பேச்சுக்கு இறங்கி வரும் என்பதுதான் அதன் நிஜமான பலன். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய்வரை அபராதம் என்றும் இருக்கிறது. பெரிய கம்பெனிக்கு அது பெரிய தொகை இல்லை. சட்டத்தின் பல் இந்த இடத்தில் கூர்மையாக இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மேலாளர் சொன்ன வார்த்தை தனி விஷயம். மாற்றுத்திறனாளி ஒருவரை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு பலர் பார்க்க இழிவாகப் பேசுவது அதே 2016-ஆம் வருடச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்து வருடம்வரை சிறைத்தண்டனை உண்டு. இதை முதல் அம்பாக எய்ய வேண்டாம். போலீஸ் புகார் போன அடுத்த நாளே உங்கள் பயணம் பற்றிய பேச்சு நின்று, சண்டை மட்டும்தான் மிஞ்சும். ஆனால் மறந்தும்விடாதீர்கள். தேதி, நேரம், அங்கே யார் யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே, எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இன்னொரு தடவை நடந்தால் அப்போது முடிவெடுக்கலாம்.

தாமதத்துக்காகப் பிடித்த அரை நாள் சம்பளங்களின் பட்டியலையும் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுத் தயார் செய்யுங்கள். பத்து நிமிடத்துக்கு அரை நாள் என்பது வராத நேரத்துக்கான கழிவைத் தாண்டிய பிடித்தம். அதைத் தனியாகக் கேள்வி கேட்க முடியும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கும், பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு இரண்டு வகையிலும் பொருந்துகிறது. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. அலைய முடியாத நாளாக இருந்தால் முதலில் 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். போகும்போது நியமன உத்தரவு, இடமாற்ற உத்தரவு, ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல், மருத்துவர் சான்று, நீங்கள் அனுப்பிய கடிதம், அதன் தபால் ரசீது ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.